ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

பெரியோர் வரலாற்றைப் பயில்வதனால் எய்தும் பயன் இரண்டு. அவர் ஆற்றிய அருஞ்செயல்களை அறிந்து வியத்தல் ஒன்று. அவர் வாழ்க்கையாகிய ஆடியில் நம் முகத்தைக் கண்டு நாணுதல் மற்றொன்று. முன்னதனை நாடியே யாம் ஸர் கே. எஸ். கிருஷ்ணன் அவர்களின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தோம். எமக்கு வாய்த்ததோ பின்னது. அது வாய்த்தவாற்றை முதற்கண் சுருங்கக் கூறுதல் வேண்டும்.

கிருஷ்ணகிரியினின்று பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், சூளகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் அமைந்தது எம் சிற்றூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எல்லைப்புறம் அது. கேழ்வரகு விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன; உழவர் மக்கள் கடைசல் எந்திரங்களின் முன் நிற்கின்றனர். யாம் பள்ளியில் பயின்ற காலத்தில் ஓர் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாளாகிய தேசிய விஞ்ஞான நாளை முன்னிட்டு ஒரு பொருட்காட்சி நடைபெற்றது. யாமும் எம் தோழர் ஒருவரும் ஓர் அட்டைப் பெட்டியையும் பழைய குறுந்தட்டின் துண்டு ஒன்றையும் கொண்டு, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி ஒன்றை அமைத்தோம். கருவியை இருவரும் சேர்ந்தே செய்தோம். ஆயின், 15 இரவுகள் தெருவிளக்கின் கீழும் கடைவிளக்கின் கீழும் நின்று, ஒவ்வொரு விளக்கிலும் எந்நிறம் உளது, எந்நிறம் இலது என்று நோக்கிக் குறிப்பேட்டில் எழுதியவர் அவர் ஒருவரே. யாம் செய்ததெல்லாம் அக்குறிப்புக்களை நல்ல தமிழில் கட்டுரையாக்கி நடுவர்முன் படித்ததே. பரிசு எம் பெயருக்கு வந்தது. அவர் பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும், யாம் சொன்னோமல்லோம். அவரும் ஒன்றும் கேட்டிலர். பின்னர் அவர் தொழிற்பயிற்சி பெற்று ஓசூரில் ஒரு பட்டறையில் அமர்ந்தார். லேசர் ஒளியால் எஃகுத் தகட்டை வெட்டும் எந்திரத்தை இயக்குவது அவர் தொழில். யாம் தமிழ் பயிலக் கல்லூரிக்கு வந்தோம்.

சென்ற ஆண்டில் ஒரு நாள், மிஷன் கல்லூரிகளிற் பயின்று புகழ் எய்திய தமிழர் வரலாறுகளைத் தேடுங்கால் கிருஷ்ணனின் பெயர் எம் கண்ணிற் பட்டது. பிப்ரவரி 28 என்னும் அந்நாள் யாருடைய கண்ணாலும் கையாலும் சிறப்புப் பெற்றதென்று அன்றுதான் அறிந்தோம். நாணமும் அன்றே பிறந்தது.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே, இக்காலத்து விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். தந்தையார் உழவுத் தொழிலினர். எனினும் தமிழிலும் வடமொழியிலும் புலமை வாய்ந்தவர். ஏரும் ஏடும் ஒருங்கே விளங்கிய அம்மனையில் வளர்ந்த மைந்தர்க்கு நூற்பயிற்சி தாய்ப்பாலோடு வந்ததெனல் மிகையன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். அந்நாளில் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்திற்குச் செல்லவில்லை. 1937 வரை அது சென்னை நகரின் நடுவே, ஜார்ஜ் டவுனில் இருந்தது.

பட்டம் பெற்ற பின்னர் அக்கல்லூரியிலேயே இரசாயனப் பிரிவில் செய்முறை விளக்குநராக அவர் அமர்ந்தார். மாணவர்க்குச் சோதனைகளைச் செய்து காட்டுவதே அப்பதவியின் கடன். கிருஷ்ணன் அக்கடனோடு நின்றாரல்லர். நண்பகல் உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி, பௌதிகமாயினும் கணிதமாயினும் இரசாயனமாயினும் எவ்வினாவையும் எழுப்பலாம் எனக் கூறி, விடைகளை அவர்களோடு சேர்ந்தே தேடுவார். இதற்கு ஊதியம் இல்லை. பாடத்திட்டத்தில் இடமும் இல்லை. ஆயினும் நாளடைவில் பிற கல்லூரி மாணவர்களும் அக்கூட்டத்தை நாடி வரலாயினர். தாம் கற்றதைப் பிறர்க்கு மறைக்காத இக்குணமே அவர் வாழ்வின் முதல் அடையாளம் எனக் கருதுகின்றோம்.

அக்காலத்தில் விஞ்ஞான ஆராய்ச்சியில் நாட்டமுடைய தென்னாட்டு இளைஞர்க்குக் கல்கத்தாவே யாத்திரைத் தலமாயிற்று. அங்கே பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. அதன் ஆராய்ச்சிச்சாலையில் சந்திரசேகர வேங்கட ராமன் தம் மாணவர் சூழ வீற்றிருந்தார். அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்து, 1917இல் அப்பதவியைத் துறந்து பேராசிரியரானவர் அவர். கிருஷ்ணன் 1920க்குப் பின்வந்த ஆண்டுகளில் கல்கத்தா சென்று அவருடைய ஆராய்ச்சியில் துணையாயினார்.

அவர்கள் ஆராய்ந்த பொருள் யாது என்பதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். வானம் நீலமாகத் தோன்றுவது காற்றின் அணுத்திரள்கள் ஞாயிற்றின் ஒளியைச் சிதறடிப்பதனால். இதனை ஆங்கில அறிஞர் ரேலி முன்னரே நிறுவியிருந்தார். கடலின் நீலம் வானத்தின் நிழலே என்பதும் அவர் கொள்கை. 1921இல் கப்பலிற் சென்ற ராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அக்கொள்கையை ஐயுற்றார். நீரும் தானே ஒளியைச் சிதறடிக்கின்றது எனக் காட்டினார். அன்றுதொட்டு ஏழாண்டுகள் நீர்மங்களும் ஆவிகளும் ஒளியைச் சிதறடிக்கும் தன்மையை அவரும் மாணவரும் ஆராய்ந்து வந்தனர். சிதறிய ஒளியில் பெரும்பகுதி, விழுந்த ஒளியின் நிறத்தையே கொண்டிருக்கும். ஆயின் அதனுள் மிக மெல்லிய வேறொரு நிறமும் கலந்திருப்பதைக் கே. ஆர். ராமநாதன் 1923இல் கண்டார், எஸ். வேங்கடேசுவரன் பின்னர்க் கிளிசரினிலும் அதனைக் கண்டார். இது பொருள்களில் இயல்பாக எழும் ஒளிர்வோ, அன்றி முற்றிலும் புதியதொரு விளைவோ? வினா விடையின்றி நின்றது.

1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பிறந்தது. கிருஷ்ணன் அப்போது கணக்கும் கொள்கையுமான ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார். ஆராய்ச்சியாளன் நெடுநாள் சோதனைக் கருவியைத் தொடாதிருத்தல் நன்றன்று என ராமன் கருதி, அவரை மீண்டும் சோதனைச்சாலைக்கு அழைத்தார். அன்றுமுதல் நிகழ்ந்தவற்றைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அஃது உலகத்தார் கைக்கு எட்டியது அவர் மறைந்த பின்னரே.

சோதனையின் முறை எளிது, பொறுமையோ பெரிது. ஞாயிற்றின் ஒளியைத் தொலைநோக்கியின் பெரிய வில்லையால் குவித்து, நீலமும் ஊதாவும் மட்டும் செல்லவிடும் வடிகட்டி ஒன்றின் வழியே தூய்மையாக்கிய நீர்மத்துள் செலுத்துவர். அந்நிறங்களைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் இரண்டாவது வடிகட்டியை முதலாவதன் அருகே வைப்பின் ஒளி முற்றும் நின்றுவிடும். அதனையே எடுத்து நீர்மத்திற்கும் கண்ணுக்கும் இடையில் வைத்து நோக்கின் யாது தோன்றும்? நிறம் மாறாதாயின் ஒன்றும் தோன்றாது. சிறிதேனும் ஒளி தோன்றின், அந்நீர்மத்துள் ஒளியின் நிறம் மாறிவிட்டது என்பது திண்ணம். அவ்வாறு மாறும் ஒளியோ மிக மிக அரிது. விழுந்த ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு கூறே. அதனை அளக்கத்தக்க மின்கருவி அந்நாளில் அங்கு இல்லை. மனிதன் கண்ணே கருவி. இருளிலே கண்ணைப் பழக்கிக்கொண்டு, நீர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கினார் கிருஷ்ணன். நோக்கிய எல்லாவற்றிலும் அம்மெல்லொளி தோன்றியது. அஃது ஒரு தளத்தே அதிர்வதாகவும் இருந்தது. எனவே பொது ஒளிர்வினின்று வேறுபட்டது.

அத்திங்கள் 7ஆம் நாள் இரவு, உணவு முடித்துக் கிருஷ்ணனும் வேங்கடேசுவரனும் தம் அறையில் உரையாடிக் கொண்டிருந்தனர். ஏறத்தாழ ஒன்பது மணிக்கு வாயிலில் ராமன் வந்து நின்று அழைத்தார். அன்று காலை கண்டது, கிராமர்ஸ், ஐசன்பர்க் ஆகிய இருவரும் 1925இல் கணக்கினால் கூறிய விளைவாகவே இருத்தல் வேண்டும் எனப் பெருங்கிளர்ச்சியோடு அவர் கூறினார். ஆசிரியர் மாணவர் வீடு தேடி வந்து தெருவில் நின்று பேசிய அக்கால்மணி நேரத்தை நினைக்குந்தோறும் எம் உள்ளம் உருகுகின்றது. உண்மை வெளிப்படும் வேளையில் ஆசிரியர் என்றும் மாணவர் என்றும் வேறுபாடு ஏது!

27ஆம் நாள் வீட்டில் ஒரு சடங்கு இருந்தமையால் கிருஷ்ணன் கழகத்திற்குச் செல்லவில்லை. மறுநாள் 28. பிற்பகலில் அவர் சென்றதும் இருவரும் சோதனையைத் தொடர்ந்தனர். சிதறிய ஒளியை நிறமாலை காட்டியின் வழியே நோக்கினர். விழுந்த நிறம் ஒருபுறமும் புதிய நிறம் மற்றொரு புறமுமாக, இடையே இருள் சூழத் தனித்தனி நின்றன. ஐயம் அகன்றது. மறுநாளே செய்தித்தாள்களுக்கு அறிவிப்பும் சென்றது.

இனி, இவ்வரலாற்றில் எம்மை வருத்திய வினாவுக்கு வருவோம். இப்புகழ் யாருக்கு உரியது?

இக்கண்டுபிடிப்பைப்பற்றி இலண்டனில் வெளியாகும் நேச்சர் என்னும் இதழுக்குச் சென்ற முதற்கடிதம் பிப்ரவரி 16ஆம் நாள் எழுதப்பெற்று மார்ச்சு 31இல் வெளியாயிற்று. அதில் ராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் உள. இடையே மார்ச்சு 16ஆம் நாள் ராமன் பெங்களூரில், தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் ஆதரவில் இதனை விரித்துரைத்தார். அவ்வுரை அச்சேறியபோது கிருஷ்ணனின் ஒத்துழைப்பையும் வேங்கடேசுவரனின் உதவியையும் குறிப்பிட்டு நன்றி கூறினார். எம் ஓசூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சாலையின் மறுமுனையில், புதிய ஒளியின் செய்தி முதன்முதல் ஓர் அவையில் விரித்துரைக்கப்பெற்றது என்பதனை எம் ஊரார் பலர் அறியார். அவ்வாண்டிலேயே பிரிங்ஷைம் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்கு ராமன் விளைவு எனப் பெயரிட்டார். அதே காலத்தில் மாஸ்கோ நகரில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்பார் இருவர் படிகங்களில் இதனைத் தாமே கண்டிருந்தனர். எழுத்திற் பிந்தினமையால் அவர் பெயர் நிலைக்கவில்லை. 1930இல் நோபெல் பரிசு ராமன் ஒருவர்க்கே அளிக்கப்பெற்றது.

இதனை அநீதி என்று ஒருதலையாக உரைத்தல் பொருந்தாது. ஏழாண்டுகள் வினாவைக் கைவிடாது காத்தவர் ராமன். வழிவகுத்தவரும் கண்டதன் பொருளை உணர்ந்தவரும் அவரே. ஆயின் அவ்வினாவின் விடையை இருளில் நோக்கி நோக்கித் திரட்டிய கண் பெரும்பாலும் கிருஷ்ணனுடையது. உலகம் ஒரு பெயரையே நினைவில் வைக்கும் இயல்புடையது. ராமன் இரு பெயரையும் எழுதினார். உலகம் ஒன்றை மறந்தது. யாமோ எம் தோழர் பெயரை எழுதவேயில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எம் மனச்சான்று எமக்கு நன்கு உணர்த்திற்று.

மறக்கப்பட்டவர் என் செய்தார் என்பதே இனி நோக்கத்தக்கது. உரிமை கோரி வழக்காட அவர் புகுந்தாரல்லர். உள்ளம் கசந்து ஆராய்ச்சியைத் துறந்தாரும் அல்லர். 1928 டிசம்பரில் டாக்காப் பல்கலைக்கழகத்திற் பணியேற்று, ஒளியைவிட்டுக் காந்தத்தைப் பற்றினார். படிகம் ஒன்றை மெல்லிய படிகக்கல் இழையிலே தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்துவார். அது திரும்ப முயலும் விசையை இழையின் முறுக்கினால் அளப்பார். படிகம் ஒரு திசையில் காந்தத்திற்கு அதிகமாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் இணங்கும் இயல்பு அதனால் வெளியாகும். அவ்வளவைக்கொண்டு, படிகத்தினுள் மூலக்கூறுகள் எத்திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன என்று கூறிவிடலாம். உள்ளே புகாமல் உள்ளிருப்பதை உரைக்கும் இம்முறை உலகெங்கும் பாராட்டப்பெற்றது. படிகவியலிற் புகழ் வாய்ந்த காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் அவரும் சேர்ந்து 1936இல் இப்பொருள்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர்.

1933இல் கல்கத்தாக் கழகத்திற்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக அவர் மீண்டு வந்தார். 1940இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவரானார். 1946இல் ஸர் பட்டம் பெற்றார். ஆசிரியரின் நிழலில் நின்ற சிறுமரம் தன் வேரிலேயே ஓங்கி வளர்ந்தது. 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் பட்நாகர் பரிசும் அவர்க்குக் கிடைத்தன. அப்பரிசை முதன்முதற் பெற்றவர் அவரே.

இவ்வளவும் பௌதிகம். ஆயின் அவர் தமிழ் இலக்கியத்திலும் வடமொழி இலக்கியத்திலும் தோய்ந்தவர். கருநாடக இசையில் ஈடுபாடுடையவர். டென்னிஸ் ஆட்டத்திலும் விருப்பமுடையவர். தமிழ் கற்பார்க்கு விஞ்ஞானம் எற்றுக்கு என்றும், விஞ்ஞானம் கற்பார்க்குத் தமிழ் எற்றுக்கு என்றும் வினவுவார்க்கு அவர் வாழ்க்கையே விடை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் இக்கட்டுரை எழுதத் துணிந்ததும் அதுபற்றியே.

நாடு விடுதலை எய்திய 1947ஆம் ஆண்டில் டெல்லியில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலைக்குக் கால்கோள் நிகழ்ந்தது. அதன் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் அமர்த்தப்பெற்றார். 1950 ஜனவரி 21ஆம் நாள் ஸர்தார் வல்லபாய் படேல் அதனைத் திறந்து வைத்தார். நீளம், எடை, காலம் முதலியவற்றிற்கு நாடு முழுமைக்கும் மூல அளவைக் காத்தல் அந்நிறுவனத்தின் முதன்மையான கடமைகளுள் ஒன்று. ஊருக்கு ஒரு படியும் சந்தைக்கு ஒரு முழமுமாகக் கிடந்த நாட்டில் மெட்ரிக் அளவுமுறையைப் புகுத்தும் சட்டம் 1956இல் இயற்றப்பெற்றதும் அவர் காலத்திலேயே. நிர்வாகச் சுமை மிகுந்த அந்நாளிலும், பழுக்கக் காய்ச்சிய மின்கம்பியின் வெப்பநிலை அதன் நீளத்தில் எவ்வாறு மாறுகின்றது என்பதுபோன்ற ஆராய்ச்சிகளை அவர் விட்டாரல்லர்.

இங்கே எம் ஊர்ப்புறத்தை மீண்டும் நினைக்கின்றோம். ஓசூர்த் தொழிற்பேட்டையில் கைக்கடிகாரம் முதல் பாரவண்டி வரை செய்யப்பெறுகின்றன. ஒரு பட்டறையில் கடைந்த தண்டு மற்றொரு பட்டறையில் குடைந்த துளையுள் இறுக்கமாய்ப் பொருந்துதல் வேண்டும். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினும் பயன்படாது. கடைசற்காரர் கையிலுள்ள மைக்ரோமீட்டரைப் பெரிய அளவுக்கூடத்திலும், அக்கூடத்தின் அளவுகளை அதனினும் நுண்ணிய அளவுகளோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சென்றால், அச்சங்கிலி முடிவில் டெல்லி ஆராய்ச்சிச்சாலையைச் சென்று சேரும். அந்நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர் பெயர் எந்தக் கருவியிலும் பொறிக்கப்படவில்லை. தண்டைக் கடைந்தவர் பெயரும் அத்தண்டில் இல்லை. ஆயினும் வண்டி ஓடுகின்றது.

1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் அமெரிக்காவில் மெய்மன் என்பார் மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு, 1961 ஜூன் திங்களில், கிருஷ்ணன் டெல்லியில் இதயநோயால் உயிர் நீத்தார். அவர்க்கு அகவை 62. இன்னும் ஓராண்டு வாழ்ந்திருப்பாராயின், தம் இளமையில் இருளில் நோக்கிய மெல்லொளி பேரொளியாய் எழுந்ததைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

1962இல் வுட்பரி, இங் என்னும் இருவர் மாணிக்க லேசரைச் சோதிக்குங்கால், அதன் சிவப்பு ஒளியோடு சிவப்புக்கு அப்பாற்பட்ட வேறொரு கதிரும் வலிமையாக வெளிவரக் கண்டு வியந்தனர். லேசரின் உள்ளே வைத்திருந்த நைட்ரோபென்சீன் என்னும் நீர்மமே அதற்குக் காரணம் எனப் பின்னர்ப் புலப்பட்டது. அந்நீர்மத்தின் மூலக்கூறுகள் ஒளியின் நிறத்தை மாற்றியிருந்தன. அது ராமனும் கிருஷ்ணனும் கண்ட அதே மாற்றம். ஞாயிற்றின் ஒளியில் கோடியில் ஒன்றாக இருந்தது, லேசரின் வலிமையால் தூண்டப்பெற்றுத் தானே பெருகி ஒரு தனிக்கதிராயிற்று. எளிய ஒளிக்குப் பொருள்கள் அளவோடு அசைந்து கொடுக்கும். ஒளி இரட்டித்தால் அசைவும் இரட்டிக்கும். லேசரின் வல்லொளிக்கோ அவ்விகிதம் நில்லாது. பொருள் புதிய நிறங்களையே ஈனும். இதனை ஆராயும் துறை நேரிலா ஒளியியல் எனப்படும். இன்று கண்ணாடி இழையின் வழியே நெடுந்தொலைவு செல்லும் செய்தி ஒளி மெலியுங்கால், அவ்விழையிலேயே அதனை வலுப்படுத்தும் முறைகளுள் ஒன்று ராமன் விளைவைக்கொண்டே இயல்கின்றது.

மற்றொன்றும் உண்டு. ஒளியின் நிறம் மாறுவதற்குக் காரணம் மூலக்கூற்றின் நடுக்கம். பென்சீன் மூலக்கூறு விரிந்து சுருங்கும் நடுக்கம் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 30 இலட்சம் கோடி முறை நிகழ்வது. நொடிக்கு ஓர் இலட்சம் கோடி அதிர்வை டெராஹெர்ட்ஸ் என்பர். படிகங்களில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சார்ந்து மெல்ல அசைவது இதனினும் குறைந்த வேகத்தது. கிருஷ்ணன் ஆராய்ந்த நாப்தலீன் படிகத்தில் அது நொடிக்கு ஓரிரண்டு முதல் நான்கு இலட்சம் கோடி வரை அமையும். வானொலி அலைக்கும் வெப்பக்கதிருக்கும் இடையே உள்ள இப்பகுதியின் ஒருபுறக் கரையைக் கல்கத்தாவிலேயே ஜகதீச சந்திர போஸ் 1895இல் மில்லிமீட்டர் அலைகளைக்கொண்டு தொட்டிருந்தார். இடைப்பகுதியோ நெடுங்காலம் தக்க விளக்கும் இல்லாது, தக்க கண்ணும் இல்லாது கிடந்தது. இக்காலத்தார் இரு லேசர் ஒளிகளை ஒரு படிகத்துட் கலந்து, அவற்றின் அதிர்வு வேறுபாட்டினின்று டெராஹெர்ட்ஸ் கதிரைப் பிறப்பிக்கின்றனர். அது துணியையும் தாளையும் ஊடுருவும். பொருளைச் சிதைக்காது உள்ளிருப்பதைக் காட்டும். அதற்கு உதவும் கரிமப் படிகங்களில் மூலக்கூறுகள் எத்திசை நோக்கி அணிவகுத்துள்ளன என்பதே பயனை உறுதி செய்வது. டாக்காவில் இழையிலே படிகத்தைத் தொங்கவிட்டுக் கிருஷ்ணன் கேட்ட வினாவும் அதுவே அன்றோ!

ஆகவே அவர் பெயர் வழங்காத இடங்களிலும் அவர் கேட்ட வினாக்கள் வாழ்கின்றன. பெயர் இல்லாமையால் உண்மை குறைவதில்லை. ஆயின் பிறர் பெயரை மறைப்பதனால் மறைப்பவன் குறைகின்றான். இவ்விரண்டும் வெவ்வேறு நீதிகள். முன்னதை உழைத்தவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளலாம். புகழ் பெற்றவன் அதனைச் சொல்லித் தப்புதல் ஆகாது. கிருஷ்ணனின் பெருந்தன்மை அவர்க்கு அணி. எம் தோழரின் பொறுமையோ எமக்குச் சாக்கு ஆகாது.

தோழரின் குறிப்பேடு இத்தனை ஆண்டும் எம்மிடமே இருந்தது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதன் முகப்பில் அவர் பெயரை எழுதி ஓசூருக்கு எடுத்துச் சென்றோம். வேலை முடிந்து அவர் வெளிவரும் வரை பட்டறை வாயிலில் காத்திருந்து, கையிற் கொடுத்து, யாம் செய்த பிழையைக் கூறினோம். அவர் பரிசைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. தெருவிளக்கின் கீழ் நின்று ஏடுகளை மெல்லப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு விளக்கின் மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை உண்டென்று தாம் எழுதியது தவறு எனக் கூறினார். எம்மிடம் பேனாவைக் கேட்டு வாங்கி அதனைத் திருத்திய பின்னரே குறிப்பேட்டை மூடினார்.